தையலைப் பார்க்கப் படத்துக்குப் போனவர்

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கொட்டகை, திங்கட்கிழமை காலை பதினொரு மணித் தேநீரில் பிரேதப் பரிசோதனை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் நான் ஒரு பனியன் கம்பெனியில் தர மேலாளராக இருந்தேன். அந்தப் பதினைந்து நிமிடமும் என் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தொழிலாளர்கள் சினிமா பேசுவதைக் கேட்பேன். கேட்டு ரசிக்க அல்ல. இளக்காரமாகச் சிரிக்க.

"பர்ஸ்ட் ஆப் சூப்பருங்க, செகண்ட் ஆப் இழுவைங்க" என்பார் ஓவர்லாக் டெய்லர் ஒருவர். எந்தப் படத்துக்கும் இதுதான். இடைவேளையில் தின்ற முட்டை போண்டா செரிக்கும் நேரத்தில் அவருக்குத் தூக்கம் வரும்; பழி படத்தின் மேல் விழும். கட்டிங் மாஸ்டர் படமே பார்ப்பதில்லை. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு "ஓடாது" என்பார். ஓடிவிட்டால், "அது ஓடலீங்க, ஓட்டறாங்க" என்பார். அயர்ன் போடுகிறவர் முடிவைச் சொல்லிவிட்டுத்தான் தேநீர் டம்ளரையே கையில் வாங்குவார்.

நான் ஆங்கில இலக்கியம் முதுகலை. கோயம்புத்தூரில் ஒரு திரைப்படக் கழகத்தில் உறுப்பினன். மாதம் ஒரு ஞாயிறு, வாடகை அறையில், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, அடியில் ஆங்கில எழுத்து ஓடும் வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு மௌனமாக வெளியே வரும் இருபது பேரில் ஒருவன். மௌனமாக வருவதே ரசனை என்று நினைத்திருந்த இருபது பேர். அந்தத் திமிரோடுதான் திங்கட்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்தேன்.

அந்தத் தேநீர்க் கூட்டத்தில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. அப்போது அவரை "நீ, வா, போ" என்றுதான் பேசினேன். எழுதும்போதாவது "அவர்" என்று எழுதுகிறேன்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். கடைசிச் செக்கிங் மேசையில் வேலை. தைத்து முடித்த டி-சர்ட் பெட்டிக்குள் போவதற்கு முன் அவர் கைக்கு வரும். அடியில் வெளிச்சம் எரியும் கண்ணாடி மேசையில் விரித்து, உள்ளே, வெளியே, தோள், கழுத்து, அடிமடிப்பு என்று கண்ணை ஓட்டுவார். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி ஒதுக்கிப் போடுவார். ஒரு பீஸுக்கு அரை நிமிடம். ஒரு நாளைக்கு எத்தனை அரை நிமிடம் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை, நானும்தான்.

ஞாயிறு வந்தால் அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போக அவருக்குத் தெரியவில்லை.

"அக்கா, தங்கச்சி சாவற சீன்ல அழுதீங்களா?" என்று டெய்லர் கேட்பார்.

"எங்கிட்டு அழ? செத்துக் கிடக்குறவ நைட்டியில அடிமடிப்புப் பிரிஞ்சு ஒரு முழத்துக்கு நூலு தொங்குது. அண்ணன்காரன் மாரடிச்சு அழுதான். ஒரு கத்தரிய எடுத்து வெட்டிட்டு அழக்கூடாதா?"

கூட்டம் சிரிக்கும்.

"வில்லன் எப்படிங்க்கா?"

"பாவம். சட்டையில ரெண்டு பாக்கெட்டு, ஒண்ணு ஏத்தம், ஒண்ணு எறக்கம். அவன் துப்பாக்கிய நீட்டுதான், எனக்கு அவன் பாக்கெட்ட நிமுத்தி விடணும் போல இருக்கு."

"அந்த ஏழைப் பொண்ணு?"

"ஏழையாவது! தோள்ல கிழிச்சு விட்டிருக்கான், கிழிச்ச எடத்துல நூலு பளபளன்னு நிக்குது. சைடு தையல் இன்னும் வெளுக்கல. காலையில எடுத்து மத்தியானம் கிழிச்ச துணி அது. ஏழை வீட்டுத் துணி முதல்ல கக்கத்துலதான் கிழியும். இவிய யாருக்கும் கக்கமே கிடையாது போல."

நான் அறைக்குள் உட்கார்ந்து தலையிலடித்துக்கொள்வேன். மூன்று மணி நேரக் கலையில் இந்தப் பெண்ணுக்குத் தெரிவது பாக்கெட்டும் கக்கமும்! ஒருமுறை வெளியே வந்து சொல்லியும்விட்டேன்: "காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ள போய்த் தையலா எண்ணுவாங்க? கதை, நடிப்பு, கேமரா எதுவுமே உன் கண்ணுல படாதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படும் சார். ஆனா கண்ணுக்கு மொதல்ல தெரியுறதத்தான மொதல்ல சொல்ல முடியும்? இப்ப உங்க சட்டையில கூட பாக்கெட்டு அரை இஞ்சு எறங்கிக் கிடக்கு. நான் பிரிச்சுத் தைக்க ஆல்டருக்கு அனுப்பியிருப்பேன்."

முப்பது பேர் சிரித்தார்கள். அன்று முழுக்க யாரோடு பேசினாலும் அவர்கள் கண் என் பாக்கெட்டில் இறங்கியது. அந்தச் சட்டையை நான் மறுபடி போடவில்லை. அவரை எனக்குப் பிடிக்காமல் போனதும் அன்றைக்குத்தான்.

முதலாளி வீட்டுக் கல்யாணத்திலும் இப்படித்தான். மணப்பெண்ணின் அம்மா சும்மா இருக்காமல், "புடவை எப்படிங்க அம்மிணி?" என்று கேட்டுவிட்டார். இவர் புடவையை விட்டுவிட்டு, "ஜாக்கெட்டு வலது கை ஒரு விரக்கட நீளம்மா. போட்டோல தெரியும், கைய மடக்கியே வச்சிக்கிடச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண் கல்யாணம் முடியும்வரை கையை மடக்கியே வைத்திருந்தது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் யாரையோ சண்டைக்குக் கூப்பிடுகிறமாதிரி நிற்கிறது. அந்த அம்மாவுக்குக் கோபம். முதலாளி மட்டும் சிரித்தார்.

இவர் ஒரே ஒரு படத்தைப் பாராட்டிக் கேட்டிருக்கிறேன். இரண்டாவது வாரமே தூக்கிவிட்ட படம். "அதுல ஒரு வயசானவ வாரா. சீலையோரத்த அவளே கையால அடிச்சிருக்கா. பச்சைச் சீலைக்கு நீல நூலு. வீட்டுல அந்த நூலுதான் இருந்திருக்கு. அவ பேசவே வேண்டாம், எனக்கு அவ கதை பூராத் தெரிஞ்சிட்டு" என்றார். மறுநாள் தனியாகப் போய் நானும் பார்த்தேன். பச்சையும் நீலமும் இருந்தன. அடுத்த மாதம் திரைப்படக் கழகத்தில் அந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது, "அந்த நீல நூலைக் கவனித்தீர்களா?" என்று கேட்டேன். மௌனமாக வெளியே போகிற கூட்டம் அன்று கை தட்டியது. என் ரசனைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. யார் கண்டு சொன்னது என்று நான் சொல்லவில்லை.

இவ்வளவும் சின்ன அற்பத்தனங்கள். பெரியதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு ஆர்டர் ஒன்றில் டி-சர்ட்டின் மார்பில் நங்கூரப் படம். பிரிண்டிங்கில் துணி நகர்ந்து, ஒரு கட்டு முழுவதும் நங்கூரம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. மற்ற மேசைகளில் யாருக்கும் தெரியவில்லை. அவர் அடிக்குச்சியை வைத்துக் காட்டினார். "இப்படிப் போட்டா கப்பல் தரை தட்டிரும் சார்" என்று சொல்லி ஒவ்வொன்றிலும் சாயம் படாத பின்பக்கம், அடிமடிப்புக்கு மேல், அம்புக்குறி ஒட்டி ஒதுக்கினார். அப்படி ஒதுக்கிய பீஸ் வெளியே போகக் கூடாது என்பது வாங்குகிறவர்களின் கண்டிப்பான விதி. குறுக்கே கத்தரியால் வெட்டி, வெட்டிவிட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். வெட்ட வைப்பதும் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

அந்த வாரம் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு. உடைகளைக் கவனிக்கும் உதவியாளர் ஒருவர், பாட்டு ஒன்றில் ஆடுகிறவர்களுக்கு ஒரே மாதிரி டி-சர்ட் வேண்டும், மறுநாளே வேண்டும் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி என்னிடம் வந்தார். பேச்சோடு பேச்சாக நான் பார்த்த வெளிநாட்டுப் படங்களைப் பற்றிச் சொன்னேன். "சார், நீங்க எங்க டைரக்டரைக் கண்டிப்பாப் பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். தமிழ் சினிமாவை வாய் ஓயாமல் ஏளனம் செய்த நான், வெட்ட வேண்டிய பீஸ்களில் இரண்டு டஜனை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனேன். தென்னந்தோப்பில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். இளநீர் கொடுத்தார்கள். இயக்குநர் பத்து நிமிடம் நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். இடையில் யாரோ கூப்பிட எழுந்து போனவர் திரும்பவில்லை. மற்றவற்றை வெட்டச் சொல்லி, எல்லாவற்றையும் வெட்டிவிட்டதாகக் கையெழுத்துப் போட்டேன். நான் விலைபோனது ஒரு நாற்காலிக்கும் ஓர் இளநீருக்கும்.

சில மாதங்கள் கழித்து ஒரு திங்கட்கிழமை. டெய்லர்தான் தொடங்கினார். "படம் எப்படிங்க்கா?"

"கதைய வேற யாருட்டயாவது கேளுங்க. இடையில தென்னந்தோப்புல ஒரு பாட்டு வருது. அதுல ஆடுதவன் அத்தன பேரும் நம்ம பீஸப் போட்டிருக்கான்."

"நம்ம பீஸா! கப்பல்ல போன பீஸு தென்னந்தோப்புல ஆடுதுங்களா?"

"ஆடுது. சாஞ்ச நங்கூரம். நான் ஒதுக்கிப் போட்டது. ஒருத்தன் அம்புக்குறியக்கூட எடுக்காம ஆடுதான். பின்னால, அடிமடிப்புக்கு மேல, செக்கச்செவேல்னு."

"ஏனுங்க்கா, ஈரோயினி இடுப்பு ஆடற பாட்டுல நீங்க எவன் முதுகையோ பாத்துட்டு வந்திருக்கீங்களே!"

"இடுப்பு எல்லாருக்கும்தான் இருக்கு. அதுல என்னத்தப் பாக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன்.

அவர் யாரையும் குற்றம் சாட்டவில்லை. பார்த்த படத்தைப் பற்றி அவர் பாணியில் அபிப்பிராயம் சொன்னார்; அவ்வளவுதான். ஆனால் பேச்சு மதியத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விட்டது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, அந்த அம்மிணி சொல்றது நெசங்களா? ஒதுக்குன பீஸு வெளிய போயிருந்தா ஆர்டரே போயிருமுங்க."

"எல்லாம் வெட்டியாச்சுங்க. சான்று அனுப்பியிருக்கேன். அந்தம்மாவுக்கு எங்க பார்த்தாலும் நம்ம பீஸ் மாதிரியே தெரியுது" என்றேன்.

முதலாளி அவரை வரவழைத்துக் கேட்டார். "நல்லாப் பாத்தீங்களா அம்மிணி?"

"என் கையால ஒட்டுன ஸ்டிக்கர் எனக்குத் தெரியாதா மொதலாளி? நம்பலைன்னா வாங்க, காட்டுதேன்" என்றார் அவர். அவர் சொல்லை முதல்முறையாக ஒருவர் சந்தேகப்படுகிறார். அந்த மேசையில் அவர் சொல்தான் கடைசிச் சொல். அது நிற்காவிட்டால் அங்கே அவருக்கு வேலையே இல்லை. இது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

முதலாளி சட்டென்று எழுந்தார். "சரி, போய்ப் பாத்துருவமுங்க."

இப்படித்தான் ஒரு பனியன் கம்பெனி முதலாளியும், அவருடைய தர மேலாளரும், செக்கிங் மேசைப் பெண்ணும் மறுநாள் பகல் காட்சிக்கு ஒரு டி-சர்ட்டைப் பார்க்கப் போனோம். முதலாளி ஓரத்தில், நடுவில் நான், ஒரு நாற்காலி விட்டு அவர். கொட்டகையில் கால்வாசிகூட இல்லை. முதலாளி வந்த வேலையை மறந்து நகைச்சுவைக்கெல்லாம் தொடையில் தட்டிச் சிரித்தார். இடைவேளையில் மூவருக்கும் பாப்கார்ன் வாங்கினார்.

பாட்டு வந்தது.

"இந்தா வருது மொதலாளி. இடப்பக்கம் மூணாவது ஆளு. இப்ப திரும்புவான் பாருங்க" என்றார் அவர்.

திரும்பினான். சாய்ந்த நங்கூரம் போய் முதுகு வந்தது. அடிமடிப்புக்கு மேலே சிவப்பு அம்புக்குறி. ஒரு வினாடியோ இரண்டோ. அது யாரையோ காட்டிக் கொடுப்பதுபோல மேலே பார்த்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறு நொடி கதாநாயகி அந்த இடத்தை மறைத்தாள்.

முதலாளி என் பக்கம் சாய்ந்து, வெட்கச் சிரிப்போடு மெல்லக் கேட்டார்: "நான் அந்தப் புள்ளையப் பாத்துட்டனுங்க. நீங்க பாத்தீங்களா?"

"பார்த்தேனுங்க. நங்கூரமே இல்லீங்க. ஏதோ கொடி மாதிரி."

"அந்தச் செவப்பு?"

"ஜிகினாங்க. லைட் பட்டு மின்னுது."

"படிச்சவங்க நீங்க சொன்னாச் சரீங்க" என்றார் முதலாளி. படம் முடியும்வரை இருந்தும் பார்த்தார்.

வெளியே வந்ததும் முதலாளி கோபப்படவில்லை. "அம்மிணி, உங்க வேலையில நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டனுங்க. ஆனா இந்தப் பேச்சு வாங்கறவங்க ஆபீசுக்குப் போச்சுன்னா முந்நூறு குடும்பத்துக்கு வேல இல்லீங்க. இதோட உட்ருங்க" என்றார்.

"பாத்தத எப்படிங்க பாக்கலன்னு சொல்ல?" என்றார் அவர். முதலாளியைக் கேட்டார், பார்வை என் மேல் இருந்தது.

முதலாளி அதோடு விட்டிருப்பார். விடாதவன் நான். செக்கிங் மேசையில் அவர் ஒவ்வொரு பீஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதும் நான் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். "இப்படி இல்லாததெல்லாம் தெரியற கண்ணை நம்பிக் கடைசி மேசையை விடக் கூடாதுங்க" என்று முதலாளியிடம் சொல்லி, இரண்டே நாளில் அவரைப் பிசிறு வெட்டப் போட்டேன். பிசிறு வெட்டுவது என்றால் தையல் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிப்பது. வேலைக்கு வந்த முதல் நாள் கொடுக்கிற வேலை. மாற்றல் சீட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. "பார்வைக் குறைவு" என்று எழுதினேன். நல்ல கையெழுத்து என்னுடையது.

திங்கட்கிழமை வந்தது. "அக்கா, இந்த வாரம் எவன் நம்ம பீஸப் போட்டிருந்தானுங்க?" என்று டெய்லர் சீண்டினார். "எனக்குத்தான் கண்ணு தெரியாதே, நீங்களே சொல்லுங்க" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. அன்று எந்தப் படமும் பேசப்படவில்லை.

அந்த வாரக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார். கணக்குச் சீட்டிலும் அதே காரணம் ஏறியிருந்தது. வாசலில் என் வண்டியருகே நின்றிருந்தார்.

"சார், ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அன்னைக்கு அந்தப் பாட்டுல நான் படத்தப் பாக்கல."

எனக்குப் புரியவில்லை.

"என் பீஸு எனக்குத் தெரியும், திரும்ப எதுக்குப் பாக்க? உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க அம்புக்குறியப் பாத்தீய. அப்புறம் காலப் பாத்தீய. ஜிகினாவப் பாத்தவன் எதுக்குத் தலையத் தொங்கப் போடுதான்?"

"அப்ப அங்கயே முதலாளிகிட்ட ஏன் சொல்லல?" என்றேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடத்தில் எனக்கு இந்தக் கேள்விதான் வந்தது.

அவர் என் சட்டைப் பாக்கெட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பீஸை ஒதுக்கிப் போடும்போது இருக்கும் அதே முகம் அவருக்கு.

"சொன்னா உங்க வேலை போயிரும். போனா என்ன செய்வீய? எனக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரு மேசை கிடைக்கும். உங்களுக்கு ஒரு பிசிறு வெட்டத் தெரியுமா?"

பதிலுக்குக் காத்திராமல் டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு கம்பெனி மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் குரல் மரியாதையானது.

"உங்ககிட்ட செக்கிங்ல இருந்தாங்களாமுங்க, அந்தம்மா இங்க வந்திருக்காங்க. கடைசி மேசைக்குத்தான் கேக்கறாங்க. சீட்டுல பார்வைக் குறைவுன்னு போட்டிருக்குதுங்களே? நேர்ல பாத்தா நல்லாத்தான் தெரியறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க, எடுத்துக்கறோம்."

என் அறையில் யாரும் இல்லை. முதலாளி ஊரில் இல்லை. படம் கொட்டகையை விட்டே போயிருந்தது. ஒரு வார்த்தை சொல்வதால் எனக்கு இனி ஒரு ஆபத்தும் இல்லை. வாயைத் திறந்தேன். அரை இஞ்சு இறங்கிய என் பாக்கெட்டும் அந்த முப்பது பேர் சிரிப்பும்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தன.

"வயசாகுதுல்லீங்க" என்றேன்.

"ஓ, அப்படீங்களா. சரீங்க, பிசிறுக்கு வேணா வச்சுக்கறோம்" என்று அந்த மேலாளர் போனை வைத்தார்.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.